தென்னந்தோப்பில் ஓடிய என் கார்

பானெட் சுவரில் சாய்ந்து நின்றது. காரின் முகம் திறந்து கிடந்தது.

அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, பல்லடம் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் துணிப்பை, மறு கையில் முறுக்குத் தூக்குப்போசி, அப்படியே எங்கள் லேத் பட்டறைக்குள் நுழைந்தேன். எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதைச் சுற்றி ஐந்து ஆண்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பல் பிடுங்கிய வாயைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொருவரும் குனிந்து பார்ப்பதும், "ம்ம்" என்பதும், ஒரு மடக்குக் குடிப்பதுமாக இருந்தார்கள்.

"ஏனுங்க, இதுக்குள்ள இருந்தது எங்கீங்க?" என்றேன்.

"எடுத்துட்டமுங்க," என்றார் என் வீட்டுக்காரர். ஊறுகாய் ஜாடியிலிருந்து கரண்டியை எடுத்துவிட்டோம் என்பது போல.

பக்கத்தில் சாக்கு விரித்து, அதன்மேல் இன்னொரு எஞ்சின் உட்கார்ந்திருந்தது. பெரியது. நெற்றியில் சந்தனம், குங்குமம், தலைமேல் எலுமிச்சம்பழம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை ஜமுக்காளத்தில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

"ஆயிரத்து முந்நூறு சி.சி.ங்க அக்கா," என்றார் மெக்கானிக் செல்வராஜ், டம்ளரை அதன் தோள்மேல் வைத்தபடி. "நம்மளுது வெறும் எண்ணூறுதானுங்களே."

நம்மளுது! அந்தக் காரின் ஆர்.சி. புத்தகத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது என் பெயர்.

என் பெயரில் ஒரு கார்

எனக்குக் கல்யாணம் பேசிய சமயம் அப்பா கோழிப்பண்ணையில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தார். சீரோடு ஒரு சின்னக் காரும் தருவதாகச் சொல்லிவிட்டார். நான் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியும். "காரு என்ர பேர்ல இருக்கோணும். நானே ஓட்டோணும்" என்றேன். அப்பா சிரித்தார். ஆனால் செய்தார்.

ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் கணபதி வீதியில் கார் ஓட்டிய முதல் பொம்பளை நான்தான். முதல் வாரம் வேலியில் ஏற்றினேன். இரண்டாவது வாரம் வேலி பிழைத்துக்கொண்டது. மூன்றாவது மாதம் சரவணம்பட்டியில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தையல் வகுப்பு ஆரம்பித்தேன். இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற அந்தப் பக்கம் அப்போது சோளக்காடு. பஸ் நினைத்தால் வரும். பதினாறு பெண்கள் படித்தார்கள். துணி மூட்டையைப் பின் சீட்டில் போட்டு, ரிப்பேருக்குப் போன மிஷின் தலையை முன் சீட்டில் உட்கார வைத்து நான் போவேன். அந்தக் கார் இல்லையென்றால் வகுப்பு இல்லை.

துணி தேய்க்கும் கண்ணாத்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஊர்ல அல்லாரும் தாலிய கழுத்துல கட்டிக்குவாங்க. நீ சாவியையும் சேத்துக் கட்டிக்கிட்டவ கண்ணு" என்பாள். அவள் வாயிலிருந்து வருவதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

குதிரைச் சக்தி என்னும் வியாதி

எங்கள் பக்கத்து ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மற்ற ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் மோட்டாரைப் பார்ப்பார்கள். அஞ்சு ஹெச்.பி. இருந்த இடத்தில் ஏழரை வைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏழரை வைத்தால் இவர் பத்து. தண்ணீர் இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில சமயம் வரவே வராது.

என் வீட்டுக்காரருக்குப் பம்ப்செட் உதிரி பாகம் கடைகிற தொழில் வேறு. குடிகாரன் கள்ளுக்கடையிலேயே குடியிருந்த மாதிரி.

வியாதி முற்றியதற்குக் காரணம் என் தங்கை. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது அப்பாவின் பண்ணை நான்கு மடங்கு ஆகியிருந்தது. அதனால் அவள் வீட்டுக்காரர் சண்முகத்துக்குப் பின்னால் பெட்டி வைத்த நீளமான பெரிய கார் வந்தது. ஆயிரத்து முந்நூறு சி.சி. என் வீட்டுக்காரருக்கு அவர் சகலை. சகலைகளுக்குள் அன்பு இருக்கும், அளவுகோலும் இருக்கும்.

ஒருமுறை இரண்டு குடும்பமும் ஊட்டி போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது எங்கள் கார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த சண்முகம் பொறுத்துப் பார்த்து, ஹாரன் அடித்து, எங்களைத் தாண்டிப் போனார். அதோடு விட்டிருக்கலாம். மேலே ஒரு வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, நாங்கள் வந்து சேர்ந்ததும் கேட்டார்:

"என்னங்க சகலை, வழியில எறங்கித் தள்ளுனீங்களா?"

அவர் சிரித்தார். தங்கை சிரித்தாள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று ஊட்டியில் பூவையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் டேஷ்போர்டை முறைத்துக்கொண்டே வந்தார்.

அதன் பலன்தான் அந்தப் பள்ளம். சகலையின் கார் எந்த ரகமோ அதே ரகக் கார் ஒன்று எங்கேயோ புளியமரத்தில் மோதியிருக்கிறது. அதன் எஞ்சின் உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கிறது. நான் அம்மா வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் அதை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"பழைய எஞ்சின் எங்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க," என்றார். உடனே டீ டம்ளர்களைப் பொறுக்கக் கிளம்பினார்.

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் பிடிப்பார்கள். "வெகு சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் ரசம் மட்டும்தான்.

பட்டன் வந்தது, சாவி போனது

மூன்று வாரம் வேலை நடந்தது. பெரிய எஞ்சின் சின்னப் பள்ளத்தில் உட்கார மறுத்தது. தாங்குகட்டைகளை வெட்டி வேறு இடத்தில் பற்ற வைத்தார்கள். ரேடியேட்டரைச் சாய்த்தார்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு பானெட் மூடவில்லை. பானெட்டின் நடுவில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, மேலே தகரத்தில் ஒரு கூண்டு வைத்தார்கள். கார் நெற்றியில் அடிபட்டு வீங்கின மாதிரி ஆனது.

ஐந்து பேரும் தினம் வந்தார்கள். எஞ்சினைப் பற்றி ஐந்து பேருக்கும் ஆறு கருத்து இருந்தது. பிரேக்கைப் பற்றி ஒருவருக்கும் ஒரு கருத்தும் இல்லை. பெரிய எஞ்சினை வீட்டுக்கு வரும் ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, திறந்து காட்டலாம். பெரிய பிரேக்கை யாருக்குக் காட்டுவது?

ஒருநாள் போய்ப் பார்த்தால், சாவி போடும் பூட்டையும் காணோம். அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பட்டன்.

"சாவி எதுக்குங்க அக்கா? இப்ப அமுக்குனாப் போதும், சிங்கமாட்டம் கெளம்பும்," என்றார் செல்வராஜ்.

"பூட்டு?"

"அது பழைய எஞ்சினோட போயிருச்சுங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எங்கே போனது என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்பேனரைத் தேடினார்கள்.

என்னிடம் இருந்த இரண்டாவது சாவியை நான் எறியவில்லை. பர்ஸிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீம்புதான்.

வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரர் என்னையே முதலில் ஓட்டச் சொன்னார். பெருந்தன்மையாம். கிளட்ச்சை மிதித்தேன். அது கீழே போகவில்லை. இரண்டு காலாலும் மிதித்தேன். செக்கு இழுக்கிற மாடு மாதிரி எனக்கு இடுப்பு வலித்தது. காலை எடுத்ததும் வண்டி ஒரு தாவு தாவிப் பால்காரரின் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு நின்றது. நல்ல வேளையாக அவர் அதன்மேல் இல்லை.

"பழகிரும் அம்மணி," என்றார் வீட்டுக்காரர்.

பழகவில்லை. முன்பக்கம் கனம் ஏறி ஸ்டீரிங் திரும்பவே மாட்டேன் என்றது. மறுநாளிலிருந்து துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மிஷின் தலைக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். பஸ் வராத நாளில் வகுப்பு இல்லை. பதினாறு பேர் பதினொன்று ஆனார்கள். என் காரில் என்னைத் தவிர எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

கண்ணாத்தாவிடம் சொல்லி ஆற்றிக்கொண்டேன். அவள் கரியை ஊதிக்கொண்டே சொன்னாள்: "காருக்கு எஞ்சினு மாத்தறாங்க, செரி. மனுசனுக்கு மாத்தற பட்டறை எங்கிருக்குதுன்னு கேட்டு வெய்யி கண்ணு. நானும் ஒண்ண உருட்டிட்டு வாரேன்."

ஒன்பதாவது வளைவு

வால்பாறையில் சண்முகத்தின் உறவில் ஒரு புதுமனை புகுவிழா. என் வீட்டுக்காரர் காத்திருந்த நாள். நானும் அவரும் வீங்கிய நெற்றிக் காரில். அப்பா, தங்கை, சண்முகம் பெரிய காரில்.

ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவிலேயே இவர் சகலையைத் தாண்டிவிட்டார். ஹாரன் அடித்த அடியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குரங்குகள் மரமேறின. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானெட் கூண்டின்மேல் கை வைத்துக் காத்திருந்தார். பெரிய கார் வந்தது.

"என்னங்க சகலை, பெட்ரோல்ல தண்ணி கலந்துபோட்டாங்களா?"

"நல்ல பெட்ரோலுதானுங்க," என்றார் சண்முகம். முகம் கறுத்திருந்தது.

அப்பா கண்ணாடியை இறக்கி, கூண்டைப் பார்த்தார். "இது என்னுங்க மாப்பிள்ள, புறாவுக்கா?" என்றார்.

அன்று விருந்தில் என் வீட்டுக்காரர் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அத்தனை சந்தோஷம்.

ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது பிரேக்கின் வேலை. இதை அவருக்கு இறக்கத்தில்தான் யாரோ சொன்னார்கள். சொன்னது ஒரு வாசனை. முதலில் இஸ்திரிப்பெட்டி துணியைத் தீய்த்த மாதிரி வந்தது.

"ஏனுங்க, ஏதோ கருகுதுங்க."

"அக்கட்டால லாரி போகுதில்ல."

லாரி ஒன்றும் போகவில்லை. பன்னிரண்டாவது வளைவில் அவர் பிரேக்கை இரண்டு முறை மிதித்தார். பதினொன்றில் நான்கு முறை. பத்தில் நான் எண்ணவில்லை. ஒன்பதாவது வளைவுக்கு முன்னால், "பொறவு சொல்றேன், கெட்டியாப் புடிச்சுக்க" என்றார். 'ங்க' இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்க ஓடையில் இறக்கினார். இடது பக்கம் முழுக்கப் பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. வலது பக்கம் தூரத்தில் கீழே ஆழியாறு அணை, தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, வெகு அமைதியாக இருந்தது. நான் கதவைத் திறக்கப் பார்த்தேன். பாறை விடவில்லை. அவர் ஸ்டீரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

பெரிய கார் வந்து நின்றது. அப்பா இறங்கி எங்கள் இருவரையும் தொட்டுப் பார்த்தார். தங்கை அழுதாள். சண்முகம் ஒன்றும் கேலி பேசாமல் டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்தார். அதுதான் என் வீட்டுக்காரருக்கு மிகவும் வலித்திருக்கும்.

"என்ர பழைய எஞ்சினத் திரும்ப வெச்சுக் குடுங்க," என்றேன். எல்லோர் எதிரிலும்.

அவர் தலையைத் தொங்கப் போட்டார். "அது அண்ணன் தோப்புலீங்க. கெணத்துக்கடவுல."

"தோப்புல என்ன பண்ணுதுங்க மாப்பிள்ள?" என்றார் அப்பா.

"தண்ணி எறைக்குதுங்க மாமா. கரண்டு நிக்கறதில்லீங்களா, அண்ணன் கேட்டாரு. பம்ப்ப மாட்டி, மண்ணெண்ணெயில ஓட்டறமுங்க."

என் காருக்கு மண்ணெண்ணெய்! அப்பா இப்போது இவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று காத்திருந்தேன்.

அப்பா மோவாயைத் தடவினார். "எத்தன இஞ்சு பைப்புங்க மாப்பிள்ள?"

"ரெண்டரைங்க."

"தள்ளுதுங்களா?"

"பீச்சி அடிக்குதுங்க மாமா!"

"மண்ணெண்ணெய் மணிக்கு எவ்வளவு குடிக்குதுங்க சகலை?" என்றார் சண்முகம், கயிற்றைக் கையில் பிடித்தபடி.

சாகப் பிழைக்க வந்து நின்ற இடத்தில், மூன்று பேரும் ரோட்டோரத்தில் குத்த வைத்து, குச்சியால் மண்ணில் பைப் வரைய ஆரம்பித்தார்கள். நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் எஞ்சினை நான்தான் போய்க் கூட்டி வர வேண்டும் என்பது அந்த ஒன்பதாவது வளைவில் எனக்கு விளங்கியது.

எஞ்சினோடு பேச்சுவார்த்தை

மறு வாரம் தனியாகக் கிணத்துக்கடவுக்கு பஸ் ஏறினேன். பர்ஸில் ஆர்.சி. புத்தகம்.

ஒரு சிக்கல் இருந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார், என்னோடு நேருக்கு நேர் பேச மாட்டார். நானும் பேசக் கூடாது. அது எங்கள் குடும்பத்து மரியாதை. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவி நடுவில் நின்று அவர் சொன்னதை வாங்கி என்னிடம் கொடுப்பார். கல்யாணமாகி எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. அன்று பார்த்து அந்த அக்கா பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். தோப்பில் மச்சாண்டாரும் என் எஞ்சினும் மட்டும்தான்.

கிணற்று மேட்டில், ஓலைக் கொட்டாய்க்குள், சிமெண்டு கட்டையின்மேல் அது புகை கக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் ஒரு பலகையில் ஒயர்கள், அதன் நடுவில் என் காரின் பூட்டு, பூட்டில் என் வீட்டுக்காரரின் சாவி, சாவியில் நான் மாட்டிய முருகர் படம்.

என்னைக் கண்டதும் மச்சாண்டார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பவும் தோளிலேயே போட்டார். எஞ்சினைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஒறம்பரை வந்திருக்கறாங்களாட்டம் இருக்குது. சொல்லியிருந்தா எளநி வெட்டி வெச்சிருக்கலாம்."

நானும் எஞ்சினைப் பார்த்துக் கத்தினேன்: "எளநிக்கு வரலீங்க. இதக் கூட்டிட்டுப் போக வந்தனுங்க."

"இது தம்பி குடுத்ததாச்சே," என்றார் எஞ்சினிடம்.

"தம்பிக்கு ஆரு குடுத்தாங்கன்னு இதையே கேக்கச் சொல்லுங்க."

எஞ்சின் இரண்டு பேருக்கும் பொதுவாகப் புகை விட்டது.

கீழே உட்கார்ந்தேன். முந்தானையால் அதன் விலாவில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். குத்தியிருந்த நம்பர் தெரிந்தது. ஆர்.சி. புத்தகத்தை விரித்து, ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தேன். மச்சாண்டார் இரண்டடி தள்ளிக் குனிந்து, நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எண்ணில் பிசுக்குப் போகவில்லை.

"இது ஒண்ணுங்களா, ஏழுங்களா?"

"ஏழுங்க அம்மணி," என்றார் மச்சாண்டார். என்னைப் பார்த்து.

எட்டு வருஷத்தில் முதல் வார்த்தை. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. எழுந்து, பூட்டிலிருந்து அந்தச் சாவியை உருவினேன்; தேய்ந்த பூட்டு, எஞ்சின் ஓடும்போதே விட்டுக்கொடுத்தது. பர்ஸிலிருந்து என் சாவியை எடுத்து அதே பூட்டில் போட்டுத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் இருமி நின்றது. இரண்டு சாவியும் பர்ஸுக்குள் போயின.

தோப்பு முழுக்க ஒரே அமைதி. ஓடுகிற எஞ்சினோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நின்ற எஞ்சினோடு பேசினால் பைத்தியம் என்பார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"தென்ன வாடிருமுங்களே அம்மணி," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. பொய்யில்லை. கரண்டு நிஜமாகவே நிற்பதில்லை.

"இதுக்குப் பதிலாப் பெருசு ஒண்ணு தர்றனுங்க மாமா."

தலை நிமிர்ந்தது. "எத்தன சி.சி.ங்க?"

"ஆயிரத்து முந்நூறுங்க."

அந்த முகத்தில் விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். மரியாதை, தம்பி, தென்னை, எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. "அப்ப மூணு இஞ்சு பைப்புப் போடலாமுங்களா?" என்றார்.

"தாராளமாப் போடுங்க."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் ஒரே வரி சொன்னேன்: "உங்க அண்ணனுக்கு நான் வாக்குக் குடுத்துட்டு வந்துட்டனுங்க." அண்ணனுக்குப் போன வாக்கை அவரால் திருப்ப முடியாது. அதுவும் எங்கள் குடும்பத்து மரியாதைதான்.

காலடியில் ஒன்றுமில்லை

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினைச் செல்வராஜ் பிரித்துக் கழுவி மாட்டினார். பூட்டும் வந்தது. பானெட்டில் வெட்டிய சதுரத்தைத் தகரம் வைத்து அடைத்தார்கள்; மழை பெய்தால் உள்ளே சொட்டும். இடது பக்கக் கீறலை அப்படியே விட்டேன். பதினோரு பேர் மறுபடி பதினாலு ஆனார்கள். இரண்டு பேர் வரவே இல்லை. ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்றார்கள். ஒழுங்காக வகுப்பு நடந்திருந்தால் அவளே ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள்.

தோப்பில் ஆயிரத்து முந்நூறு சி.சி. மூன்று இஞ்சு பைப்பில் பீச்சி அடித்தது. இருபது நிமிஷத்தில் கிணறு காலி. பிறகு ஊறுவதற்கு அரை நாள் காத்திருக்க வேண்டும். மச்சாண்டார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: கிணறு சிறிசு.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போனோம். நான் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில், மடியில் மொய்க்கவரும் வெற்றிலைப் பையும். காரமடைக்கு முன்னால் பாக்கு மூட்டை ஏற்றிய ஒரு வேன் எங்களைத் தாண்டியது. அதன் பின்னால் ஒரு ஜீப். அதன் பின்னால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு டிராக்டரும் தாண்டப் பார்த்தது.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய வலது கால் மெல்ல நீண்டு, தரைவிரிப்பை அழுத்தி அழுத்திக் கொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றேன், கியரை மாற்றிக்கொண்டே. "அங்க ஒண்ணுமில்லீங்க."